மூடுன ஸ்பின்னிங் மில்லோட எலக்ட்ரிகல் சர்ப்ளஸ் லாட்: ஏலத்துல எடுக்கலாமா, என்னென்ன பாத்து வாங்கணும்?

கணபதி_பேனல்:
வணக்கமுங்க எல்லாருக்கும். கோவை கணபதி பக்கம் சின்னதா பேனல் போர்டு யூனிட் வச்சிருக்கேன், எம்சிசி (மோட்டார் கன்ட்ரோல் பேனல்), ஸ்டார்ட்டர் பேனல், ஏபிஎஃப்சி (பவர் ஃபேக்டர் சரி பண்ற பேனல்) இதான் நம்ம வேலை. இப்ப ஒரு ஸ்பின்னிங் மில் லிக்விடேஷன்ல (கடனடைக்க சொத்தை விக்கறது) போயி சாமானெல்லாம் லாட் லாட்டா ஆன்லைன் ஏலம் விடுறாங்க. மெஷினு நமக்கு வேண்டாமுங்க, "எலக்ட்ரிகல் ஸ்டோர்ஸ் அண்ட் ஸ்பேர்ஸ்"னு ஒரு லாட் இருக்குது, அதுமேல தான் கண்ணு. லிஸ்ட்ல இருக்கறது: காண்டாக்டர் (மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்) 9 ஆம்ப்ல இருந்து 110 ஆம்ப் வரைக்கும் கலந்து 180, எம்சிசிபி (பெரிய சர்க்யூட் பிரேக்கர்) 40 சொச்சம், ஏபிஎஃப்சி கெபாசிட்டர், டிரைவ் (மோட்டார் வேகத்தை மாத்தறது) 11, மோட்டார் 23 (அதுல பாதிக்கு "யூஸ்டு"ன்னு போட்டிருக்குது), பிஎல்சி (மெஷினை ஓட்டற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) மாடியூல் கொஞ்சம், கேபிள் துண்டு, கடைசியா "இதர". ரிசர்வ் விலை (ஏலம் ஆரம்பிக்கற குறைஞ்சபட்ச விலை) 6.40 லட்சம், ஜிஎஸ்டி தனி. லிஸ்ட் பிரைஸ் போட்டு கூட்டுனா இருபது லட்சத்துக்கு மேல வருது, அதான் கை துறுதுறுங்குது. மச்சான் யோசிக்காம எடுங்கறாரு, அப்பா வேண்டவே வேண்டாம்கறாரு. எடுத்தவங்க வித்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, இதையெல்லாம் எப்படி பாத்து வாங்கறது?

பழையசரக்கு:
தம்பி மொதல்ல அந்த லிஸ்ட் பிரைஸ் கணக்கை கிழிச்சுப் போடுங்க. லிஸ்ட் பிரைஸ்ல யாரும் காண்டாக்டர் வாங்குறதில்லன்னு பேனல் பண்ற உங்களுக்கு நான் சொல்லணுமா. டீலர்கிட்ட வாரண்டியோட, பில்லோட, வேணும்ங்கற காயில் வோல்டேஜ்ல புதுசா உங்க கைக்கு என்ன ரேட்டுக்கு வருதோ அதை எழுதுங்க, அதுல பாதிக்கு மேல சர்ப்ளஸுக்கு யாரும் தர மாட்டாங்க, ரொம்ப ஓடுற ஐட்டத்துக்கு வேணா கொஞ்சம் கூட வரும். நான் இந்த வியாபாரத்துல ரொம்ப வருஷமா இருக்கேன், ஒரு லாட்டை பாத்தா மனசுல மூணு குவியலா பிரிச்சிருவேன். ஒன்னு மூணு மாசத்துல கைமாறுறது. ரெண்டாவது, அதே மாடல் தேடி ஒருத்தன் வர்ற வரைக்கும் அலமாரில தூங்குறது, வந்தா நல்ல காசு, வரலைன்னா இல்ல. மூணாவது எடைக்கு போறது. மூணாவது குவியலுக்கு எடை விலை மட்டும் தான், அது பெட்டி பிரிக்காத புதுசா இருந்தாலும் சரி. முதல் குவியல்லயே போட்ட காசு திரும்ப வரணும், ரெண்டாவது தான் லாபம். இந்த கணக்கு நிக்கலைன்னா எவ்ளோ ஆசையா இருந்தாலும் நான் கை வைக்க மாட்டேன்.

இன்னொன்னு, இது ஏன் மிச்சமாச்சுன்னு கேளுங்க. மில் மூடுனதால மிஞ்சுன ஸ்டோர் சரக்குன்னா நல்லது, ஓடிட்டு இருந்த மெஷினுக்கு வாங்கி வச்ச ஸ்பேர் அது. மெஷினையே பத்து வருஷம் முன்னாடி வித்துட்டு ஸ்பேரை மட்டும் மூலைல போட்டு வச்சிருந்தா அது வேற கதை. ஸ்டோர்ல பின் கார்டு தொங்கும் பாருங்க, கடைசியா எப்ப இஷ்யூ ஆச்சுன்னு அதுல இருக்கும். ஏலம் விடுறவர் சொல்லாததை அந்த அட்டை சொல்லும்.

கணபதி_பேனல்:
பின் கார்டு பாக்கணும்னு தோணவே இல்லீங்ணா. நன்றிங்க.

வரவுசெலவு:
அவர் சரக்கு பத்தி சொல்லிட்டாரு, நான் காகிதம் பத்தி சொல்றேன். இந்த மாதிரி ஏலத்துல "ஆஸ் ஈஸ் வேர் ஈஸ், ஆஸ் ஈஸ் வாட் ஈஸ், வாட்எவர் தேர் ஈஸ், வித்தவுட் ரிகோர்ஸ்"னு நீளமா ஒரு வரி இருக்கும், எல்லாரும் ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடுவாங்க. அதுக்கு அர்த்தம் லிஸ்ட்ல 180 காண்டாக்டர்னு போட்டு அங்க 140 இருந்தாலும், டிரைவ் பெட்டிக்குள்ள டிரைவே இல்லைனாலும் நீங்க போய் பிராது கொடுக்க முடியாது. அதனால தான் இன்ஸ்பெக்ஷன் தேதி கொடுக்கறாங்க, போகாம ஏலம் கேக்கறவன் லிஸ்ட்டை மட்டும் தான் வாங்குறான்.

காசு கணக்கு: 6.40க்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்னா 1.15 லட்சம் மேல. இன்புட் கிரெடிட் வரும், ஆனா இன்வாய்ஸ் உங்க ஜிஎஸ்டி நம்பர் போட்டு வந்து, அவங்க ரிட்டர்ன் போட்டு, உங்க 2பி-ல (போர்ட்டல்ல வர்ற கிரெடிட் ஸ்டேட்மென்ட்) தெரிஞ்சா தான். மில்லோட ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் இன்னும் உயிரோட இருக்கான்னு போர்ட்டல்ல தட்டி பாத்துருங்க, ரெண்டு நிமிஷ வேலை. கேன்சல் ஆன நம்பர்ல இருந்து பில் வந்தா கிரெடிட் கிடைக்காது. ஸ்க்ராப்னு விக்கறாங்களா, சரக்குனு விக்கறாங்களான்னும் பாருங்க, ஸ்க்ராப்னா டிசிஎஸ் (விக்கறவரே வசூலிக்கற வருமான வரி) சேர்த்து கேப்பாங்க. அப்புறம் முன்பணம், மீதி கட்ட நாள் கெடு, எடுக்க நாள் கெடு, கெடு தாண்டுனா தினமும் கிரவுண்ட் ரென்ட். பொறுக்கி எடுத்துட்டு மிச்சத்தை அங்கேயே விட்டுட்டு வர முடியாது, "இதர"ல இருக்கற உடைஞ்ச டியூப்லைட் ஃபிட்டிங் உட்பட எல்லாமே உங்களோடது. லாரி, லோடுமேன், குடோன் வாடகை உங்க தலைல. தமிழ்நாட்டுக்குள்ளனா ஒரு லட்சத்துக்கு மேல ஈவே பில் வேணும், ரெண்டு வண்டியா போனா ரெண்டையும் ஒழுங்கா போடுங்க.

நடு_ஃபேஸ்:
ஜி இவ்ளோ பயப்படாதீங்க, எம்எஸ்டிசி (மத்திய அரசு கம்பெனி) ஏலத்துல இருந்து ரயில்வே சர்ப்ளஸ் வரைக்கும் நம்ம பசங்க எடுத்துட்டு தான் இருக்காங்க. எல் அண்ட் டி பெட்டில பழைய எம்என்எக்ஸ் காண்டாக்டர் இருந்தா அள்ளிக்கோங்க, அந்த பிசினஸை 2020ல ஷ்னைடருக்கு வித்துட்டாங்க, இப்ப லாரிட்ஸ் நுட்சன்னு பேரு மாத்தி வருது, பழைய பெட்டியை பாத்தா சில கஸ்டமருக்கு ஒரு பாசம்.

மெக்கர்_மீனா:
பாசத்துல காண்டாக்டர் இழுக்காதுங்க, காயில்ல சரியான வோல்டேஜ் வந்தா தான் இழுக்கும் :)

மெயின்டெனன்ஸ்ல இருக்கேன், ஸ்டோருக்கு சர்ப்ளஸ் வாங்கவும் செஞ்சிருக்கேன், எங்க பிளான்ட் சர்ப்ளஸை வெளிய அனுப்பவும் செஞ்சிருக்கேன். காண்டாக்டர்ல முதல்ல பாக்க வேண்டியது காயில். மில்லுல கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் வச்சு 110 வோல்ட் ஏசில ஓட்டுற மெஷின் நிறைய, அதனால ஸ்டோர்ல இருக்கறதும் பெரும்பாலும் 110 காயிலா தான் இருக்கும். உங்க ஸ்டார்ட்டர் பேனலுக்கு 230ஓ 415ஓ வேணும். சீமென்ஸ்னா பார்ட் நம்பர் கடைசிலயே தெரியும், ஏஎஃப்0ன்னு முடிஞ்சா 110 ஏசி, பிபி4ன்னா 24 டிசி. பெரிய சைஸ்ல காயில் தனியா வாங்கி மாத்திக்கலாம், 9 ஆம்ப் 12 ஆம்புக்கு காயில் விலையும் புதுசு விலையும் ஏறக்குறைய ஒன்னு தான், மாத்தறதுல அர்த்தமே இல்ல.

அடுத்தது ஆம்பியர். விக்கறவங்க எப்பவும் பெரிய நம்பரைத்தான் சொல்வாங்க. 32 ஆம்ப் ஏசி-3 காண்டாக்டர் மூஞ்சிலயே ஏசி-1 50 ஆம்ப்னும் எழுதியிருக்கும், ஏசி-1ங்கறது ஹீட்டர் மாதிரி ரெசிஸ்டிவ் லோடுக்கு, மோட்டாருக்கு ஏசி-3 தான். உங்க லிஸ்ட்ல இருக்கற 110 எந்த 110னு போய் பாருங்க, அது ஏசி-1 கணக்கா இருந்தா நீங்க போட்ட விலை அப்படியே இறங்கிடும்.

பெட்டில இருக்கறதெல்லாம் புதுசுன்னும் நம்ப வேண்டாம். ஸ்டோர்ல பழசை கழட்டி புதுசை மாட்டிட்டு, அந்த புது பெட்டிலயே பழசை போட்டு அலமாரில வைக்கற பழக்கம் எல்லா பிளான்ட்லயும் உண்டு. டெர்மினல் ஸ்க்ரூ தலைல ஸ்க்ரூடிரைவர் கடிச்ச தடம் இருக்கா பாருங்க, அது பொய் சொல்லாது. பெரிய காண்டாக்டர் ரெண்டு ஸ்க்ரூ கழட்டுனா ஆர்க் சூட் (தீப்பொறியை அணைக்கற மூடி) கையோட வந்துரும், உள்ள வெள்ளி டிப் எப்படி இருக்குன்னு டார்ச் அடிச்சு பாருங்க. கறுத்திருந்தா பரவாயில்ல, வெள்ளி காத்துல கறுக்கத்தான் செய்யும், நாலு தடவை ஆபரேட் பண்ணா தேய்ஞ்சு போயிடும். அதை பாத்து பயந்து உப்புத்தாள் போட்டு தேய்க்கறவங்க தான் டிப்பை கெடுக்கறாங்க. பள்ளம் விழுந்திருந்தா, ஓரத்துல உருகி வழிஞ்சிருந்தா, மூணு போல்ல ஒன்னு மட்டும் மெலிஞ்சிருந்தா அது மூணாவது குவியல். டிப்பே இல்லாம காலி காண்டாக்டரும் லாட்ல வரும், வெள்ளிக்காக யாராச்சும் முன்னாடியே உருவியிருப்பாங்க.

பழையசரக்கு:
அந்த கடைசி வரி நூத்துக்கு நூறு. வெள்ளி விலை ஏறுனா பழைய காண்டாக்டர் லாட் விலை சேர்ந்து ஏறும், பக்கத்துல உக்காந்து ஏலம் கேக்கறவன் பேனல்காரன் இல்ல, வெள்ளி உருக்கறவன். அவன்கூட போட்டி போடாதீங்க தம்பி, அவன் கணக்கு வேற.

கணபதி_பேனல்:
அக்கா ரொம்ப நன்றிங்க. எம்சிசிபி பத்தி கொஞ்சம் சொல்லுங்க, அதுல தான் எனக்கு ஆசை ஜாஸ்தி.

மெக்கர்_மீனா:
அதுல தான் நான் ஆசைப்பட மாட்டேன். பெட்டி சீல் பிரிக்காதது, ரேட்டிங் பிளேட் முழுசா இருக்கறது, இது ரெண்டும் இருந்தா எடுங்க. ஏற்கெனவே பேனல்ல இருந்ததுன்னா அது எத்தனை ஷார்ட் சர்க்யூட்டை உடைச்சிருக்குன்னு வெளிய பாத்து சொல்லவே முடியாது. ஹேண்டில் கிளிக் கிளிக்னு அருமையா விழும், உள்ள ஆர்க் சேம்பர் கரியா இருக்கும். பிரைமரி இன்ஜெக்ஷன் (நேரா பெரிய கரண்ட் விட்டு பாக்கறது) பண்ணி டிரிப் டைம் பாத்து, போலுக்கு போல் மில்லிவோல்ட் டிராப் பாத்தா தான் நம்பலாம், அந்த டெஸ்ட்டுக்கு ஆகற செலவுல சின்ன ஃபிரேம் எம்சிசிபி புதுசே வாங்கிடலாம். 400, 630 ஃபிரேம்னா டெஸ்ட் பண்றது கட்டுபடியாகும்.

அப்புறம் கேஏ, அதாவது ஃபால்ட் வந்தா எத்தனை ஆயிரம் ஆம்பை அந்த பிரேக்கர் உடைக்கும்ங்கறது. பழைய மில்லுல 16 கேஏ 25 கேஏ பிரேக்கர் கிடக்கும். 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 5 சதவீதம்னு வச்சுக்கோங்க, 415 வோல்ட்ல ஃபுல் லோட் 1391 ஆம்ப், அதை 0.05ஆல வகுத்தா ஏறக்குறைய 28 கேஏ. மெயின் பஸ்பார் பக்கத்துலயே 25 கேஏ பிரேக்கரை வச்சா ஃபால்ட் வர்ற அன்னிக்கு அது உடைக்காது, அதுவே வெடிக்கும். 500 கேவிஏல 4.5 சதவீதம்னா 15 கேஏ சொச்சம் தான், அங்க 25 தாராளம். அதனால லாட்ல இருக்கற எம்சிசிபி ஒவ்வொன்னும் எந்த கஸ்டமருக்கு போகும்னு தெரிஞ்சா தான் அதுக்கு விலையே போட முடியும்.

நடு_ஃபேஸ்:
மேடம், ஃபீல்டுல யாரும் இவ்ளோ பாக்கறதில்ல. பேனல் பெயின்ட் அடிச்சு பளபளன்னு போச்சுன்னா கஸ்டமர் டிரிப் லேம்ப் எரியுதான்னு பாத்துட்டு செக் கொடுத்துருவாரு. சர்ப்ளஸ்னு சொல்லி ஏன் தலைவலி?

மெக்கர்_மீனா:
நான் அந்த செக் கொடுக்கற பக்கம் உக்காந்திருக்கறவ. பேனல் வந்ததும் பிரேக்கர் சீரியல் நம்பரை கம்பெனிக்கு அனுப்பி உற்பத்தி தேதி கேப்பேன். பத்து வருஷ பழசுன்னு வந்தா அந்த வெண்டர் பேரு எங்க லிஸ்ட்ல இருக்காது. சர்ப்ளஸ் போடறது தப்பே இல்ல, கொட்டேஷன்ல "அன்யூஸ்டு சர்ப்ளஸ், எங்க வாரண்டி ஆறு மாசம், விலை இவ்வளவு குறைச்சல்"னு எழுதுங்க, வேணும்ங்கறவங்க வாங்குவாங்க. நாங்களே பழைய பேனலுக்கு ஸ்பேரா அப்படி வாங்கியிருக்கோம், ஏன்னா அதே கட்அவுட்ல உக்கார்ற பழைய மாடல் புதுசா கிடைக்காது. மறைச்சு போடறதை தான் சொல்றேன். புரொடெக்ஷன் ஐட்டத்துல, அதாவது பிரேக்கர், ஆர்சிசிபி (லீக்கேஜ் பிரேக்கர்), ஓவர்லோடு ரிலே, எமர்ஜென்சி ஸ்டாப், இதுல மறைச்சா நடுவுல ஒரு எலக்ட்ரீஷியனோட உசுரு இருக்கு.

நடு_ஃபேஸ்:
சரி சரி, புரொடெக்ஷனுக்கு ஒத்துக்கறேன். டெர்மினல், புஷ் பட்டன், டக்டுக்கெல்லாம் சொல்லிட்டு இருக்க முடியாது.

மெக்கர்_மீனா:
அதுக்கு நானும் கேக்க மாட்டேன்.

டிரைவ்_வைத்தியர்:
11 டிரைவ்னு பாத்ததும் ஓடி வந்துட்டேன். அண்ணா, அலமாரில பல வருஷம் கிடந்த டிரைவை எடுத்ததும் நேரா 415 கொடுத்து "ஆன் ஆகுதா"ன்னு பாக்கற ஆளா இருந்தா தயவுசெஞ்சு எடுக்காதீங்க. உள்ள டிசி பஸ்ல இருக்கற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், கரண்டே பாக்காம கிடந்தா உள்ள இருக்கற ஆக்சைடு படலம் நைஞ்சு போயிரும், திடீர்னு முழு வோல்டேஜ் ஏறுனா லீக்கேஜ் கரண்ட் எகிறி சூடாகி டமார். பெட்டி பிரிக்காத புத்தம் புது டிரைவுக்கும் இது தான் கதி, புதுசுங்கறதால தப்பிக்காது. ஒரு வருஷத்துக்கு மேல கிடந்தா ரீஃபார்மிங் பண்ணனும்னு மேனுவல்லயே இருக்கும். வேரியாக் (வோல்டேஜை மெல்ல ஏத்தற டிரான்ஸ்ஃபார்மர்) வச்சு கால்வாசி வோல்டேஜ், பாதி, முக்கால், முழுசு, ஒவ்வொன்னுக்கும் அரைமணி போல நிறுத்தி ஏத்தணும், எவ்வளவு நேரம்ங்கறது அந்தந்த கம்பெனி மேனுவல் சொல்றபடி. 415க்கு டிசி பஸ் 580 வோல்ட் கிட்ட நிக்கும், ஆஃப் பண்ணதும் கை வைக்காதீங்க, மீட்டர் வச்சு இறங்கிருச்சான்னு பாத்துட்டு தொடுங்க.

இன்ஸ்பெக்ஷன்ல பவர் தர மாட்டாங்க, மல்டிமீட்டர் டயோட் மோடுல வச்சு இதை மட்டும் பாருங்க: கருப்பு ப்ரோப் டிசி ப்ளஸ்ல, சிவப்பு ப்ரோப் யு, வி, டபிள்யூ (மோட்டாருக்கு போற டெர்மினல்) மூணுலயும் வரிசையா. 0.3ல இருந்து 0.5க்குள்ள மூணும் ஒரே மாதிரி வரணும். அப்புறம் சிவப்பை டிசி மைனஸ்ல வச்சு கருப்பால அதே மூணு. ஒன்னு மட்டும் பூஜ்யம்னா ஐஜிபிடி (டிரைவோட பவர் டிரான்சிஸ்டர்) போச்சு. ஆர் எஸ் டி (சப்ளை வர்ற) பக்கமும் இதே மாதிரி பாத்தா ரெக்டிஃபையர் தெரிஞ்சிரும். மூடியை எட்டி பாருங்க, ஸ்பின்னிங் மில்லுன்னா ஹீட்சிங்க்ல பஞ்சு மெத்தையே இருக்கும். கீபேட் இருக்கா பாருங்க, ஸ்டோர்ல இருந்து கீபேடும் கன்ட்ரோல் கார்டும் மட்டும் காணாம போறது சகஜம், அது இல்லாத டிரைவ் எடைக்குத்தான்.

பிஎல்சி மாடியூல்னு போட்டிருக்கே, எஸ்7-300 சிபியு ஏதாச்சும் இருந்தா முன்னாடி ஸ்லாட்ல எம்எம்சி கார்டு (மெமரி கார்டு) இருக்கா பாருங்க. கார்டு இல்லாம அந்த சிபியு வேலைக்கு வராது, கார்டு தனியா வாங்குனா சுருக்குன்னு இருக்கும். கார்டு கிடைச்சிருச்சேன்னு லேப்டாப்ல சொருகி விண்டோஸ் "ஃபார்மேட் பண்ணவா"ன்னு கேக்கும்போது ஆமான்னு அமுக்கிடாதீங்க, அதுக்கப்புறம் சிபியு அந்த கார்டை ஏத்துக்காது. பழைய மாடல் ஐ/ஓ கார்டு அந்த ரெண்டாவது குவியல் சரக்கு, ஓடிட்டு இருக்கற லைன்ல அதே கார்டு போன ஃபேக்டரிக்காரன் ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணி என்ன விலைன்னாலும் எடுத்துக்கறேன்ம்பான். ஆனா அவன் எப்ப பண்ணுவான்னு யாருக்கும் தெரியாது.

கணபதி_பேனல்:
டிரைவ் ரீஃபார்மிங் இப்பத்தான் கேள்விப்படறேன். வேரியாக் இருக்குதுங்க நம்மகிட்ட, ஆனா சிங்கிள் ஃபேஸ் 270 வோல்ட் வரைக்கும் தான் ஏறும்.

டிரைவ்_வைத்தியர்:
அது 230 டிரைவுக்கு போதும். 415 டிரைவுக்கு 470 வரைக்கும் ஏறுற வேரியாக் வேணும். வேற வழியும் உண்டு, இங்க எழுதுனா யாராச்சும் பாதி படிச்சுட்டு பண்ணி கையை சுட்டுப்பாங்க, நேர்ல வாங்க காட்றேன்.

கடல்_கரண்ட்:
கப்பல்ல எலக்ட்ரிகல் ஆபீசரா இருந்துட்டு இப்ப ஊர்ல செட்டில். மோட்டார் பத்தி ஒன்னு. உங்க லாட் மில் சரக்கு, ஆனா இன்ஸ்பெக்ஷன்ல நேம்பிளேட்ல ஹெர்ட்ஸ் கண்டிப்பா பாருங்க. நம்ம ஊர்ல அலங்ல இருந்து வர்ற மோட்டார் நிறைய சுத்துது, குஜராத் பாவ்நகர் பக்கம் 1983ல இருந்து கப்பல் உடைக்கற எடம், நல்ல ஜப்பான் கொரியா மோட்டார் எடை விலைக்கு வரும், மில்லுகள்லயும் வாங்கி போட்டிருப்பாங்க. கப்பல்ல பெரும்பாலும் 440 வோல்ட் 60 ஹெர்ட்ஸ். "440ல ஓடுறது 415ல ஓடாதா"ன்னு விக்கறவர் கேப்பாரு, வோல்டேஜ் மட்டும் பாத்தா நியாயமா தான் தெரியும். 440ஐ 60ஆல வகுத்தா 7.33, நம்ம 415ஐ 50ஆல வகுத்தா 8.3. கோர்ல ஃப்ளக்ஸ் 13 சதவீதம் கூடுது, காந்தம் சாச்சுரேட் ஆகி லோடே இல்லாம கரண்ட் ஏறும், சூடாகும். ஸ்பீடும் ஆறுல அஞ்சு பங்கா குறையும், 1770 ஓடுறது 1475 ஓடும். பம்ப், ஃபேன்ல இருந்தா லோடும் சேர்ந்து குறையறதால சில மோட்டார் தாங்கிடும், ஆனா தண்ணியும் அதே அளவுக்கு குறைஞ்சு தான் வரும். பிளேட்ல "380 வோல்ட் 50 / 440 வோல்ட் 60"ன்னு ரெண்டும் இருந்தா கவலை குறைவு. டிரைவ்ல போட்டு பேஸ் ஃப்ரீக்வென்சி 60, வோல்டேஜ் 440னு செட் பண்ணாலும் அழகா ஓடும். இதே கணக்கு 60 ஹெர்ட்ஸ் காண்டாக்டர் காயிலுக்கும் பொருந்தும், 50ல போட்டா கர்ர்ருன்னு கத்திட்டு சூடாகி கருகும்.

மெக்கர்_மீனா:
அருமையா சொன்னீங்க சார். இதோட மோட்டாருக்கு என் பங்கு: 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்) எடுத்துட்டு போங்க. வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவுல அஞ்சு மெகோமுக்கு கீழ இருந்தா சந்தேகம், ஈரம் குடிச்சிருக்கலாம், காய வச்சா ஏறலாம், ஏறாமலும் போகலாம், விலையை அதுக்கேத்த மாதிரி குறைச்சு போடுங்க. மூணு ஃபேஸ் ரெசிஸ்டன்ஸ் சமமா இருக்கணும். டெர்மினல் பாக்ஸ் திறந்து லீட் வயர் பாருங்க, கம்பெனி லீட்ல பிரின்ட் இருக்கும், லோக்கல்ல ரீவைண்ட் பண்ணதுல சும்மா கலர் ஸ்லீவ் போட்டு நூல் கட்டி விட்டிருக்கும். ரீவைண்ட் ஆனா கெட்டதுனு சொல்லல, ஆனா பழைய வைண்டிங்கை உருவறப்ப கோரை தாறுமாறா எரிச்சிருந்தா லாஸ் கூடிடும், அது வெளிய தெரியாது. மில் மோட்டார்ல சிலது பஞ்சு தங்காம இருக்க ஃபின்னே இல்லாம வழவழன்னு இருக்கும், ஃபிளாஞ்ச்சும் அளவும் அந்த மெஷினுக்கே ஆனது, வேற எடத்துல உக்காராது.

கரண்ட் கணக்கையும் பாருங்க. 7.5 கிலோவாட், நாலு போல், பழைய ஐஇ1 (எஃபிசியன்சி தர வகுப்பு) மோட்டார் எஃபிசியன்சி 86 சதவீதம். ஐஇ3னா 90.4. ஃபுல் லோடுல வித்தியாசம் 0.42 கிலோவாட். தினம் 16 மணி நேரம், வருஷம் 300 நாள்னா ரெண்டாயிரம் யூனிட். யூனிட் எட்டு ரூபான்னா வருஷம் பதினாறாயிரம். தினமும் ஓடுற எடத்துக்கு பழைய மோட்டார் ஓசில கொடுத்தாலும் நஷ்டம் தான். ஸ்டான்ட்பை பம்ப், எப்பவாச்சும் ஓடுற ஹாய்ஸ்ட், அதுக்குன்னா தாராளமா வாங்கலாம்.

கணபதி_பேனல்:
யப்பா, ஓசில கொடுத்தாலும் நஷ்டமா! இதை யாரும் சொன்னதில்லீங்க. கெபாசிட்டருக்கு என்ன பண்றது?

மெக்கர்_மீனா:
முதல்ல டெர்மினலை ரெசிஸ்டர் வச்சு டிஸ்சார்ஜ் பண்ணுங்க, பழசுல உள் ரெசிஸ்டர் போயிருந்தா சார்ஜ் நிக்கும். அப்புறம் மல்டிமீட்டர்ல மைக்ரோஃபாரட். 25 கேவிஏஆர் 440 வோல்ட் டெல்டா யூனிட்னா ரெண்டு டெர்மினலுக்கு நடுவுல 205 கிட்ட வரணும், மூணு ஜோடியும் ஒன்னு போல. 150னு காட்டுனா ஆயுசு முடிஞ்சிருச்சு. உப்பியிருந்தா அளக்கவே வேண்டாம்.

அப்புறம் அந்த "இதர". மில்லுல பெருசா ஒன்னும் இருக்காது, ஆனா பின்னாடி வேற இண்டஸ்ட்ரி லாட் எடுக்கப் போறீங்கன்னா இதை மனசுல வைங்க. 2010ல டெல்லி மாயாபுரில நடந்தது ஞாபகம் இருக்கா, டெல்லி யுனிவர்சிட்டில 1985க்கு அப்புறம் யூஸ் பண்ணாம கிடந்த காமா இர்ரேடியேட்டரை பழைய சாமான்னு ஏலம் விட்டுட்டாங்க, காயலாங்கடைல பிரிச்சாங்க, உள்ள கோபால்ட்-60. ஒருத்தர் செத்துட்டாரு, பல பேர் ஆஸ்பத்திரில. பேப்பர் மில், சிமெண்ட், ஸ்டீல் பிளான்ட் லாட்ல லெவல் கேஜ், திக்னஸ் கேஜ்னு கனமா ஈயப் பெட்டி மாதிரி வந்தா, மூணு இலை கதிர்வீச்சு குறி இருந்தா தொடாதீங்க, ஏஇஆர்பிக்கு (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) தகவல் சொல்லணும்.

நடு_ஃபேஸ்:
கேபிள் துண்டு பத்தி யாரும் சொல்லல. ஷீத் மேல மீட்டர் மார்க்கிங் இருக்கும், ரெண்டு முனைலயும் நம்பர் பாத்து கழிச்சா நீளம் வந்துரும், சுருளை பிரிக்கவே வேண்டாம். முனைல கேப் போடாம வெயில்ல மழைல கிடந்திருந்தா தண்ணி உள்ள ஏறியிருக்கும், ஒரு மீட்டர் வெட்டி காப்பர் பச்சையா இருக்கான்னு பாருங்க. ஐஎஸ்ஐ மார்க் பக்கத்துல சிஎம்/எல் நம்பர் (லைசென்ஸ் நம்பர்) இருந்தா பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டு பாத்துக்கலாம், டூப்ளிகேட்டா இல்லையான்னு தெரிஞ்சிரும்.

மெக்கர்_மீனா:
பாருங்க, நீங்களும் நல்லது சொல்றீங்க :)

கணபதி_பேனல்:
இன்ஸ்பெக்ஷன் போயிட்டு வந்தாச்சுங்க. பையன் ஒருத்தனை மெக்கரோட கூட்டிட்டு போனேன். நீங்க சொன்ன மாதிரியே பின் கார்டு தொங்குது, காண்டாக்டர்ல 45 ஆம்புக்கு மேல இருக்கறது நெசமாலுமே ஸ்டோர் சரக்கு, ஸ்க்ரூல தடமே இல்ல. சின்னதெல்லாம் முக்காவாசி 110 காயில். லிஸ்ட்ல போட்ட 110 ஆம்ப் ஏசி-1 கணக்கு தான், மோட்டாருக்கு 70. எம்சிசிபில பெட்டி பிரிக்காதது பதினாலு, மிச்சம் பேனல்ல இருந்து கழட்டுனது. டிரைவ் பதினொன்னுல கீபேட் இருக்கறது நாலு. கெபாசிட்டர் பாதிக்கு மேல உப்பிக் கிடக்குது. மோட்டார்ல அஞ்சு நல்லா மெக்கர் காட்டுது, புதுசும் கூட, ஆனா எனக்கு மோட்டார் வித்து பழக்கமில்லீங்க. கேபிள் மட்டும் எதிர்பாத்ததை விட நல்லா இருக்குது. டீலர் ரேட்டுல பாதி, டிரைவுக்கும் கழட்டுன பிரேக்கருக்கும் எடை விலைன்னு மூணு குவியலா பிரிச்சு போட்டு பாத்தேன். லாரி, குடோன் கழிச்சா 5.2 லட்சம் தான் நிக்குது. ரிசர்வே 6.40. மச்சான் போட்டுரலாம், விட்டா எவனாச்சும் எடுத்துருவான்கறாரு.

பழையசரக்கு:
எடுத்தா எடுத்துட்டு போறான், உங்க காசு உங்ககிட்ட இருக்கும். லிக்விடேஷன்ல ஏலம் யாரும் கேக்காம போனா ரிசர்வை 25 சதவீதம் வரைக்கும் குறைச்சு மறுபடி விட விதி இருக்கு. 6.40ல கால்வாசி போனா 4.80. வெள்ளிக்காரனுக்கு இந்த லாட்ல பெருசா ஒன்னும் இல்ல, புது காண்டாக்டரை உடைக்கற அளவுக்கு அவனுக்கு விலை கட்டுபடியாகாது. என் அனுபவத்துல இது முதல் சுத்துல போகாது.

கணபதி_பேனல்:
முதல் சுத்துல ஒரு பிட்டும் வரலைங்க. இப்ப ரெண்டாவது நோட்டீஸ் வந்திருக்குது, ரிசர்வ் 4.80. மச்சான் இப்ப பேசறதில்ல :) நான் 5.10 வரைக்கும் போலாம்னு இருக்கேன், அதுக்கு மேல போகமாட்டேன். அண்ணா, மோட்டார் 23ஐயும் நீங்க எடுத்துக்குவீங்களா? அப்படின்னா எனக்கு கை கொஞ்சம் ஃப்ரீயாகும்.

பழையசரக்கு:
நேம்பிளேட் போட்டோ எல்லாத்தையும் அனுப்புங்க, ஹெர்ட்ஸ் தெரியற மாதிரி. நல்ல அஞ்சுக்கு ஒரு விலை, மிச்சத்துக்கு எடை. மோட்டார் எடைல பத்துல ஒரு பங்கு போல தான் காப்பர் வரும், அதுக்கு மேல எதிர்பாக்காதீங்க. பில் உங்க பேர்ல இருந்து எனக்கு போடணும், அதுக்கு ஜிஎஸ்டி சேர்த்து தான் விலை பேசறேன்.

கணபதி_பேனல்:
சரிங்ணா, இன்னிக்கு ராத்திரியே அனுப்பிடறேன். எடுக்கறதுக்கு பதினஞ்சு நாள் கெடு போட்டிருக்காங்க, மாடில ரெண்டு பெரிய மோட்டார் கிடக்குது, லிஃப்ட் ஓடல. செயின் பிளாக் நீங்க கொண்டாருவீங்களா, நான் வாடகைக்கு சொல்லட்டுமா?

பழையசரக்கு:
ரெண்டு டன் பிளாக் என்கிட்ட இருக்கு, கொண்டாறேன். மேல கர்டர் இருக்கா, தொங்கவிட எடம் இருக்கான்னு மட்டும் ஒரு போட்டோ எடுத்து போடுங்க.